ஓவர்லொக் ஓரம் அடிக்க மட்டுமா? நீச்சல் உடைத் தையல் விட்டுப்போவதன் எளிய விளக்கம்

வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து கடல் அடங்கிவிட்டால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஆட்கள் நிறையத் தொடங்குவார்கள். திருகோணமலைத் தையற்காரர்களின் மேசைக்கும் அப்போது வேறு வகைத் துணி வரத் தொடங்கும். புறாத்தீவுக்குப் படகோட்டும் பெடியன்கள் போடுகிற இறுக்கமான நீளக்கைச் சட்டை, வெளிநாட்டுப் பெண்களின் நீச்சல் உடை, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் முழு உடம்பையும் மூடிய குளியல் உடை. உடை வேறு வேறாக இருந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான்: "அக்கா, துணி நல்லாத்தான் கிடக்கு. தையல்தான் விட்டிட்டுது."

அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் எங்கும் ஒன்றேதான். நூல் மோசம் என்பார்கள். இரண்டு தரம் ஓட்டியிருக்க வேணும் என்பார்கள். தொழில் தெரிந்தவர்கள்கூட, "ஓவர்லொக் ஓரம் பிரியாமல் இருக்கத்தான், பிடிப்பு முழுக்க ஜூக்கித் தையலில்தான்" என்று அடித்துச் சொல்வார்கள். (ஓவர்லொக் என்பது துணியின் ஓரத்தை வெட்டி, நூலால் சுற்றித் தைக்கும் மெஷின். ஜூக்கி என்பது சாதாரண நேர்த்தையல் மெஷின்.) மூன்றும் பிழை. அதிகம் கெடுதல் செய்வது மூன்றாவது. ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்தால் போதும், மீதியை இந்தக் கட்டுரையிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

துணி எவ்வளவு இழுபடுகிறது?

நீச்சல் உடைத் துணி பெரும்பாலும் நைலோனும் ஸ்பான்டெக்ஸும் கலந்தது. நூற்றில் எண்பது பங்கு நைலோன், இருபது பங்கு ஸ்பான்டெக்ஸ் என்பது பரவலான கலவை. நைலோனுக்குப் பதிலாகப் பொலியெஸ்டர் போட்டதும் உண்டு. ஸ்பான்டெக்ஸ் என்பது றப்பர் போல நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும் செயற்கை இழை. அமெரிக்காவின் டுபொன்ட் கம்பனியில் வேலை செய்த ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-இல் உருவாக்கியது. லைக்ரா என்பது அதற்கு வைத்த ஒரு வியாபாரப் பெயர். நம் கடைகளிலோ இழுபடுகிற எதைக் கேட்டாலும் லைக்ரா என்றுதான் எடுத்துத் தருவார்கள். அதைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இந்தத் துணி சாரம், சேலை மாதிரி நெய்தது அல்ல, பின்னியது. பின்னிய துணியை வெட்டினால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வராது. ஒரு துண்டை வெட்டி, ஓரத்தை நகத்தால் உரசிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. அப்படியென்றால் ஓவர்லொக்கின் வேலை ஓரம் பிரியாமல் காப்பது மட்டும்தான் என்ற பேச்சு நீச்சல் உடைக்குப் பொருந்தவே பொருந்தாது. பிரியாத ஓரத்துக்கு எதற்குக் காவல்? ஆனாலும் நீச்சல் உடை தைக்கும் தொழிற்சாலை எதிலும் ஓவர்லொக் இல்லாமல் வேலை நடக்காது. காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒருவருக்கு இடுப்பு 68 சென்ரிமீற்றர், இடுப்புக்குக் கீழே அகலமான இடம் 96 சென்ரிமீற்றர். நீந்தப் போடும் கால்சட்டையின் மேல் ஓரம் இடுப்பில் நிற்க வேண்டுமென்றால், போடும்போது அந்த 96-ஐத் தாண்டித்தான் மேலே வர வேண்டும். 68 சென்ரிமீற்றர் தையல் 96 ஆகிறது, அதாவது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் நீள்கிறது. பாதித் தூரத்தில் சிக்கி, ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தால் அந்த இடத்தில் இன்னும் கூட. போதாததற்கு, நீச்சல் உடையை உடம்பு அளவைவிடச் சிறிதாகத்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து பை போலத் தொங்கும். ஆகவே உடை ஆளின் மேல் இருக்கும் நேரமெல்லாம் தையல் கொஞ்சமாவது இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது.

சுருக்கமாக: துணி இழுபடும், ஓரம் பிரியாது. தையலும் துணியோடு சேர்ந்து ஒன்றரை மடங்கு வரை நீள வேண்டும்.

நேர்த்தையல் ஏன் அறுகிறது?

ஜூக்கி என்று நாம் சொல்லும் நேர்த்தையல் மெஷினில் இரண்டு நூல். மேலே ஊசி நூல், கீழே பொபின் என்ற சின்ன உருளையிலிருந்து வரும் நூல். இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு, ஒன்று மேல் பக்கத்திலும் மற்றது கீழ்ப் பக்கத்திலும் நேராகப் படுத்துக்கிடக்கும். நூல் கம்பனிகள் எந்தத் தையலுக்கு எவ்வளவு நூல் செலவாகும் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. அதன்படி ஒரு சென்ரிமீற்றர் நேர்த்தையலுக்கு ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நூல் போகும். மேலே 1.25, கீழே 1.25. அந்த 1.25-இல் ஒரு சென்ரிமீற்றர் துணியின் மேல் படுத்துவிட்டது. மிச்சக் கால் சென்ரிமீற்றர் துணிக்குள் ஏறி இறங்கவே சரி.

இப்போது துணியை இழுக்கிறோம். ஒரு சென்ரிமீற்றர் 1.4 ஆகிறது. நூலிடம் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. தையல் நூல் தானாக நீளக்கூடியது கொஞ்சம்தான். அது முடிந்ததும் "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு "டிக்". உடை போடும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் பலர், துணி கிழிந்துவிட்டதோ என்று பயந்து பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். தையல் கோடு நெடுக, நாலைந்து தையலுக்கு ஒன்றாக, அறுந்த நூல் முனைகள் மீன் முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். துணியில் ஒரு கீறலும் இருக்காது. வாடிக்கையாளர் "துணி நல்லாத்தான் கிடக்கு" என்று சொன்னது முழு உண்மை.

"சரி, பலமான நூலாகப் போட்டால்?" என்று கேட்பார்கள். பலமான நூல் அறாது, ஆனால் நீளவும் நீளாது. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். உடை அகலமான இடத்தைத் தாண்டி ஏறவே மாட்டேன் என்று நிற்கும். அல்லது வலுக்கட்டாயமாக ஏற்றினால் அறாத நூல் துணியை அறுக்கும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம், துணி அறுந்தால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு தரம் ஓட்டுவதும் இதே கதைதான். நீளாத ஒன்றுக்குப் பக்கத்தில் நீளாத இன்னொன்றை வைத்தால் இரண்டும் சேர்ந்து நீண்டுவிடாது.

வலைக்கண் சொல்லும் கணக்கு

கடற்கரையில் காயப்போட்டிருக்கும் மீன்வலை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வலை நன்றாக நீளும், அகலம் ஒடுங்கும். விட்டுவிட்டு மறுபக்கமாக இழுத்தால் அகலம் கூடி நீளம் குறையும். வலை பின்னிய நைலோன் கயிறு இந்த இழுவைக்கு நீண்டதா? இல்லை. சாய்சதுரமாக இருந்த வலைக்கண்கள் ஒடுங்கின, சாய்ந்து கிடந்த கயிறு இழுவையின் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். நீளாத கயிற்றால் செய்த வலை நீள்கிறதென்றால், அந்த நீட்சி கயிற்றிலிருந்து வரவில்லை, கயிறு கிடக்கும் கோலத்திலிருந்து வருகிறது.

ஓவர்லொக் தையலின் இரகசியமும் இதுதான். அதில் நூல் நேராகப் படுத்திருக்காது. ஓரத்தைச் சுற்றி, சாய்ந்து சாய்ந்து, வளையம் வளையமாகக் கிடக்கும். இழுக்கும்போது வளையங்கள் ஒடுங்கித் தையல் நீளும், விட்டதும் துணியே அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். வலையில் முடிச்சு உண்டு, இங்கே முடிச்சு இல்லை. வளையத்துக்குள் வளையம் கோர்த்திருப்பதால் நூல் கொஞ்சம் வழுக்கி இடம் மாறவும் முடியும்.

கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. மூன்று நூல் ஓவர்லொக்கில் ஒரு சென்ரிமீற்றர் தையலுக்கு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நூல் போகும், நான்கு நூல் ஓவர்லொக்கில் ஏறத்தாழ 18. நேர்த்தையலின் 2.5-ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓவர்லொக் நூல் தின்னுகிறது என்று முதலாளிமார் அலுத்துக்கொள்வார்கள். தின்னட்டும். தின்ற நூலெல்லாம் தையலுக்குள் சேமிப்பாகக் கிடக்கிறது, உடையைப் போடும்போது அது எடுத்துக் கொடுக்கிறது.

சுருக்கமாக: தையல் நீள்வதற்கு நீளும் நூல் கட்டாயமில்லை. கூடுதல் நூல் வேண்டும், அது வளைந்து கிடக்க வேண்டும்.

மெஷினுக்குள் நடப்பது

ஓவர்லொக் மெஷினில் பொபின் கிடையாது. எல்லா நூலும் பின்னால் நிற்கும் கோன்களிலிருந்து நேரே வரும். பொபினுக்குப் பதிலாக லூப்பர் என்ற வளைந்த கொக்கிகள் இரண்டு உண்டு. முனைக்கருகில் ஓட்டையும் அதில் நூலும் உள்ள, ஆனால் துணியைக் குத்தாத உலோகக் கை என்று லூப்பரை நினைத்துக்கொள்ளலாம். கீழ் லூப்பர், மேல் லூப்பர் என்று பெயர்.

மெஷினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊசி நூலோடு துணிக்குள் இறங்குகிறது. அது மேலே எழும்பத் தொடங்கும்போது ஊசியின் பின்னால் ஒரு சின்ன நூல் கண்ணி உண்டாகும். கீழ் லூப்பர் அந்தக் கண்ணிக்குள் தன் நூலோடு புகுந்து போகும். அடுத்து மேல் லூப்பர் வந்து, கீழ் லூப்பரின் நூலுக்குப் பின்னால் நுழைந்து, தன் நூலைத் துணியின் ஓரத்தைச் சுற்றி மேலே கொண்டுவரும். அங்கே ஊசி மறுபடி இறங்கி அந்த நூலைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்து, பிடித்ததை விட்டு, அடுத்ததைப் பிடித்துப் போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவு நூல் சுற்றினால் ஓரம் சுருண்டுவிடாதா? சுருளும். அதற்காகத்தான் துணியை அமுக்கிப் பிடிக்கும் காலடிக்குக் கீழே மெல்லிய உலோக நாக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வளையங்கள் முதலில் அந்த நாக்கைச் சுற்றி அகலமாக உருவாகி, பிறகு வழுக்கித் துணியின் ஓரத்துக்குப் போகும். ஊசிக்கு முன்னாலேயே ஒரு கத்தி நின்று, மிஞ்சிய துணியை வெட்டிவிடும். வெட்டுவது, தைப்பது, ஓரத்தைச் சுற்றுவது மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

1880களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ என்ற கம்பனி இந்த வகை மெஷினைச் செய்யத் தொடங்கியபோது நோக்கம் உண்மையிலேயே ஓரம் முடிப்பதுதான். ஆகவே ஓவர்லொக்கை ஓரத்துக்கான மெஷின் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, கதையின் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள்.

நான்கு நூல் மெஷினில் ஊசி இரண்டு. இடது ஊசி உடம்பின் அளவைத் தீர்மானிக்கும் கோட்டில் தைக்கும். வலது ஊசி அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் இரண்டாவது வரிசையாகப் போகும். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நீச்சல் உடையின் பக்கத் தையல், கவட்டுத் தையல் இரண்டுக்கும் இதுதான் ஏற்றது. கார்மென்ட்ஸில் வேலை செய்தவர்கள் இதை 514 என்று எண்ணால் சொல்வார்கள். அந்த எண்ணை மற்றவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

"இரண்டும் அடித்தால் இன்னும் பலம்தானே?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதலில் ஜூக்கியில் நேராக ஓட்டி, பிறகு ஓரத்துக்கு ஓவர்லொக் அடிப்பது நம் ஊரில் பாடசாலைச் சீருடை முதல் சுடிதார் வரை எல்லாவற்றுக்கும் செய்கிற முறை. பருத்தித் துணிக்கு அது சரியான முறையும்கூட. அங்கே துணி இழுபடாது, ஓரம் பிரியும். நீச்சல் உடையில் இரண்டுமே தலைகீழ்.

இழுபடும் துணியில் நேர்த்தையலையும் ஓவர்லொக்கையும் சேர்த்து அடித்தால் என்ன நடக்கும்? துணி நீள்கிறது, ஓவர்லொக் கூடவே நீள்கிறது, நேர்த்தையல் மட்டும் நீளாமல் முழு இழுவையையும் தன்மேல் வாங்கி அறுகிறது. அறுந்த பிறகு என்ன மிச்சம்? உடம்பின் கோட்டுக்கு வெளியே, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் ஓவர்லொக். உடை இரண்டாகப் பிரிந்து விழாது. ஆனால் தையல் இருந்த இடம் திறந்து, உள்ளே இருந்த நூல் ஏணிப் படி போல வெளியே தெரியும். தையல் பல்லைக் காட்டுகிறது என்று தொழிலில் சொல்வது இதைத்தான். ஆக, இரண்டாவது தையல் பலம் சேர்க்கவில்லை, முதலில் அறுவதற்கென்றே ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

ஐந்து நூல் மெஷின் பற்றியும் ஒரு சொல். அதில் ஓவர்லொக்கோடு கூடவே தனியாக ஒரு சங்கிலித் தையல் ஓடும். காற்சட்டை, சேட் போன்ற நெய்த துணி உடைகளின் பக்கத் தையலுக்கென்று வந்தது. சங்கிலித் தையல் நேர்த்தையலைவிட நீளும், ஆனால் ஓவர்லொக் அளவுக்கு நீளாது. பழைய கார்மென்ட்ஸ் மெஷின் வாங்குகிறவர்கள், "நூல் கூட இருந்தால் நல்லதுதானே" என்று ஐந்து நூலை எடுத்துவிடுவார்கள். நீச்சல் உடை தைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நான்கு நூல் மெஷினைக் கேளுங்கள்.

ஊசியும் நூலும்

ஊசிதான் அதிகம் அலட்சியம் செய்யப்படும் பொருள். சாதாரணக் கூர் ஊசி, ஸ்பான்டெக்ஸ் இழையைக் குத்தி அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது. உடம்பில் போட்டு இழுபட்டதும் தையல் கோடு நெடுக ஊசிமுனை அளவு ஓட்டைகள் விரியும். இழுபடும் துணிக்கென்று முனை உருண்ட ஊசி விற்கிறார்கள். அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும். அதிலும் ஸ்ட்ரெச் ஊசி என்று உறையில் போட்டிருப்பதற்கு, கண்ணுக்குப் பின்புறம் பள்ளம் ஆழமாக இருக்கும். லூப்பர் நூல் கண்ணியைத் தவறவிடாமல் பிடிக்க அது உதவும். நீச்சல் உடையில் தையல் விட்டு விட்டு விழுகிறதென்றால், மெஷினைத் திருகத் தொடங்குமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள். அளவு 75 போதும். மெஷினின் கையேட்டில் சொன்ன ஊசி இனம்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் ஊசி துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது, திறந்து போட்ட பெட்டியில் கிடந்த ஊசியை எடுத்துப் போட வேண்டாம்.

நூலில், பருத்தி நூல் அறவே வேண்டாம். ஊசிகளுக்குப் பொலியெஸ்டர். லூப்பர்களுக்கு வூலி நைலோன் என்று ஒரு வகை நூல் உண்டு. கம்பளி நூல் மாதிரி புசுபுசுவென்று இருக்கும், இழுத்தால் நீண்டு திரும்பும், தோலில் உரசாது. கவடு, கக்கம் போன்ற இடங்களில் அந்த மென்மையின் அருமை உப்புத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் நின்றவர்களுக்குத் தெரியும். ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் அதிகம் நீந்துகிறவர்களுக்கென்றால் இதே புசுபுசு நூலில் பொலியெஸ்டர் வகை நல்லது. குளோரினைப் பொலியெஸ்டர் நைலோனைவிட நன்றாகத் தாங்கும்.

நூல் கோர்க்கும்போது லூப்பர்களை முதலில் கோர்த்து, ஊசிகளைக் கடைசியாகக் கோருங்கள். ஊசி நூல் ஏற்கனவே கிடக்கும்போது கீழ் லூப்பரை மட்டும் திரும்பக் கோர்த்தால் நூல்கள் குறுக்கே சிக்கி அறுந்துகொண்டே இருக்கும். மெஷினில் பேய் பிடித்துவிட்டது என்று நினைக்க வைக்கும் கோளாறுகளில் இது ஒன்று.

டென்ஷன் என்பது ஒவ்வொரு நூலையும் மெஷின் எவ்வளவு இறுக்கிப் பிடித்து விடுகிறது என்பது. நான்கு நூலில் முதலில் அறுவது பெரும்பாலும் ஊசி நூல்தான், ஏனென்றால் 18 சென்ரிமீற்றரில் முக்கால் பங்கு லூப்பர்களுக்குப் போய்விடுகிறது. ஆகவே இழுக்கும்போது ஊசி நூல் அறுந்தால் அதன் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்தியது கூடிப்போனால் தையல் பல்லைக் காட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது சரியான இடம், அது துணிக்குத் துணி மாறும்.

அலை அலையாய் வரும் ஓரம்

முதல் தடவை லைக்ரா தைக்கிறவர்கள் எல்லாருக்கும் வரும் பிரச்சினை, தைத்து முடித்த ஓரம் தட்டையாக நிற்காமல் அலை அலையாக நெளிவது. இதற்கு இரண்டு காரணம். ஒன்று, காலடி துணியை அமுக்கி, இழுத்து நீட்டியபடியே பின்னால் தள்ளுகிறது. நீண்ட நிலையில் நூல் விழுந்துவிட்டால் துணியால் முழுதாகச் சுருங்க முடியாது. மற்றது நம் கை. இழுபடும் துணி என்றதும் அதை இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வேண்டாம். கை துணிக்கு வழிகாட்டினால் போதும். இழுத்தால் அலை வருவது மட்டுமில்லை, ஊசி வளைந்து லூப்பரில் அடித்து முறியும்.

கையைச் சரிசெய்த பிறகும் அலை வந்தால் டிஃபெரன்ஷியல் ஃபீடைத் தொட வேண்டும். துணியைத் தள்ளும் பற்கள் ஓவர்லொக்கில் இரண்டு தொகுதி, ஊசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஓட முடியும். அந்த வேக வித்தியாசத்தை மாற்றும் ஏற்பாட்டுக்குத்தான் டிஃபெரன்ஷியல் ஃபீட் என்று பெயர். வீட்டு ஓவர்லொக்குகள் பலவற்றில் குமிழில் 0.7 முதல் 2 வரை எண் இருக்கும். 1 என்றால் இரண்டும் சமம். 1-க்கு மேலே போனால் முன்பற்கள் அதிகம் தள்ளும், பின்பற்கள் குறைவாக எடுக்கும். ஊசியின் கீழ் துணி கொஞ்சம் நெருங்கி நிற்கும். அந்த நெருக்கம், காலடி செய்த நீட்சிக்கு ஈடாகிவிடும். 1-க்குக் கீழே போனால் எதிர்மாறு, துணி இன்னும் நீண்டு, ஓரம் சுருள் சுருளாக வரும். சிறுமிகளின் சட்டை விளிம்புக்கு அதை வேண்டுமென்றே செய்வதுண்டு.

நீச்சல் உடைத் துணிக்கு 1.3-இல் தொடங்கிப் பார்க்கலாம். அலை போகாவிட்டால் 1.5. எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஓரம் சுருக்கு விழத் தொடங்கும், அதற்கு முன் நிறுத்த வேண்டும். காலடியின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகாணி உள்ள மெஷினில் அதையும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

சுருக்கமாக: அலைக்குக் காரணம் நீட்டித் தைப்பது. மருந்து, கையை எடுப்பதும் முன்பற்களை வேகமாக்குவதும்.

கீலம் தைத்துப் பாருங்கள்

உடையில் கை வைக்குமுன் அதே துணியில் இரண்டு கீலம் வெட்டுங்கள், அதிகம் இழுபடும் திசையில். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, குண்டூசிக்குப் பதிலாகக் கிளிப் மாட்டுங்கள். குண்டூசி கத்தியில் பட்டால் கத்தி போச்சு. தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர் வைத்து ஓட்டி, தையலில் 10 சென்ரிமீற்றருக்கு இரண்டு புள்ளி போடுங்கள். அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து இழுங்கள். 15 வரையாவது சத்தமில்லாமல் போக வேண்டும். "டிக்" கேட்டால் எந்த நூல் என்று பாருங்கள், அநேகமாக ஊசி நூலாக இருக்கும். விட்டதும் பத்துக்கே திரும்புகிறதா? பதினொன்றில் நின்றால் நீட்டித் தைத்திருக்கிறீர்கள்.

பிறகு தையலைக் குறுக்கே பிரித்து, இரண்டு துண்டையும் எதிர் எதிராக இழுத்து நல்ல பக்கத்தைப் பாருங்கள். ஏணி தெரிந்தால் ஊசி நூல் தளர்வு. மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் சரியாக ஓரத்தின் விளிம்பில் சந்திக்க வேண்டும். ஒன்று மறுபக்கத்துக்கு எட்டிப் பார்த்தால் அதன் டென்ஷனை இறுக்குங்கள்.

இன்னொன்று: ஓவர்லொக்கில் பின்னோக்கித் தைத்து முடிச்சுப் போட முடியாது. முடிவில் வால் போல ஒரு சங்கிலி மிஞ்சும். அதை ஒட்ட வெட்டிவிட்டால் தையல் அங்கிருந்து பிரியத் தொடங்கும். பெரிய கண் உள்ள கையூசியால் அந்த வாலைத் தையலுக்குள்ளேயே இரண்டு சென்ரிமீற்றர் செருகிவிட வேண்டும்.

இலாஸ்டிக் வைக்கும் இடம்

கால், கழுத்து, கை ஓரங்களில் இலாஸ்டிக் வரும். பாவாடைக்குப் போடும் சாதாரண இலாஸ்டிக் கடல் தண்ணீருக்கும் குளோரினுக்கும் சீக்கிரம் தொய்ந்துவிடும், நீச்சல் உடைக்கென்று வரும் றப்பர் இலாஸ்டிக்தான் வேண்டும். அதைத் துணியின் உள்பக்கத்தில் ஓரத்தோடு வைத்து ஓவர்லொக் அடித்து, பிறகு உள்ளே மடித்து இன்னொரு தையல் போடுவார்கள். அடிக்கும்போது கத்தி இலாஸ்டிக்கை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டிய இலாஸ்டிக் அந்த இடத்தில் செத்துவிடும். இங்கே மட்டும் கை இழுக்கலாம், ஆனால் இழுக்க வேண்டியது இலாஸ்டிக்கை, துணியை இல்லை. கால் ஓரத்தில் முன்பக்கம் இழுக்காமலும் பின்பக்கம் சற்று இழுத்தும் வைத்தால் பின்புறம் ஒட்டிப் பிடிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுத்தால் முன்னால் தொடையை வெட்டும்.

மடித்துப் போடும் அந்த இரண்டாவது தையலுக்கு ஓவர்லொக் உதவாது, அதற்குத் துணியின் ஓரம் வேண்டும். தொழிற்சாலையில் கவர்ஸ்டிச் என்ற வேறு மெஷின் வைத்திருப்பார்கள். வெளியே இரண்டு நேர்கோடு, உள்ளே வலை மாதிரிப் பின்னல் வரும். வீட்டில் சிக்ஸாக், அதாவது இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து போகும் தையல், போதும்.

ஓவர்லொக் இல்லாவிட்டால்

சிக்ஸாக் உள்ள சாதாரண வீட்டு மெஷினிலும் நீச்சல் உடை தைக்கலாம். மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும்: நூல் சாய்ந்து கிடப்பதால் சேமிப்பு உண்டு. ஒடுங்கிய சிக்ஸாக்கில் தைத்து, பக்கத்தில் அகலமான சிக்ஸாக் இன்னொன்று ஓட்டினால் தாங்கும். ஓவர்லொக்கின் வேகமும் ஓரத்தின் துப்புரவும் வராது. ஆனால் ஜூக்கி நேர்த்தையலைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஓவர்லொக் இல்லையே என்று நேர்த்தையலுக்குப் போகிறவர்கள், மெஷினிலேயே இருக்கும் சிக்ஸாக் குமிழைத் திருப்ப மறந்தவர்கள்.

திருத்த வரும் உடை

தையல் விட்ட உடை மேசைக்கு வந்தால் முதலில் துணியை விசாரியுங்கள். உடையில் உட்காரும் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுங்கள். மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தால், மெல்லிய வெள்ளை மயிர் போல இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால், விட்டதும் திரும்பாமல் தொய்ந்து கிடந்தால் ஸ்பான்டெக்ஸ் போய்விட்டது. குளோரின், வெயில், உடம்பில் பூசும் எண்ணெய் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. எந்தத் தையலும் அதைக் காப்பாற்றாது, காசு வாங்காமல் திருப்பிக் கொடுப்பதே மரியாதை. உடையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடச் சொல்லி அனுப்பலாம், அடுத்த உடைக்காவது உதவும்.

துணி நன்றாக இருந்தால் வேலை சுலபம். அறுந்த நேர்த்தையல் நூலின் மிச்சத்தை முழுக்க உருவி எடுங்கள், அங்கங்கே அறாமல் கிடக்கும் துண்டுகளை விட்டால் அவை மறுபடி இழுவையை வாங்கும். உருவிய இடத்தில் பழைய ஊசிக் கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே இடது ஊசி விழும்படி வைத்து நான்கு நூலில் ஓட்டுங்கள். நேர்த்தையல் ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே போட்டிருந்தால் கத்தி பழைய ஓவர்லொக்கில் நாலு மில்லிமீற்றரை வெட்டித் தள்ளும். வெட்டட்டும், உடம்பு அளவு ஒரு நூலும் மாறாது.